வியாழக்கிழமைத் தண்ணீர்

வெங்காயம் மனிதரைப் போலப் பொய் சொல்லாது. தண்ணீர் காணாவிட்டால் நாலாம் நாளே தாள் மஞ்சளாகிவிடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், டொக்டர் பிள்ளை. என் மனதைச் சோதிக்கிறேன் என்று மூன்று நாளாக நீங்கள் எழுதுவதெல்லாம் எங்கள் ஐயாவைப் பற்றித்தான். அவர் செத்து நாற்பது வருடம். தகப்பன் மேலிருந்த கோபத்தைத் தமையன் மேல் காட்டினேன் என்று நீங்கள் கோர்ட்டுக்கு எழுதினால் தண்டனை குறையுமாம், எனக்காக வாதாடும் அப்புக்காத்து சொன்னார். எனக்கு வேண்டாம். செய்தது நான். அதைத் தூக்கிச் செத்தவர் கையில் கொடுக்க நீங்கள் யார்?

ஐயா நல்ல மனிதர். காரணமில்லாமல் ஒருநாளும் அடித்ததில்லை; காரணத்தை அவரே தேடிக்கொள்வார். எட்டு வயதில், கிணற்று ஆமை என்னோடு கதைத்தது என்றேன். பொய் என்று ஒப்புக்கொள்ளும்வரை அடித்தார். பூவரசங்கம்பு முறித்து வருவது அண்ணை சீவரத்தினத்தின் வேலை. நல்ல கம்பாகப் பார்த்து முறிப்பார். அதற்குக் கீழே கோடு போடாதீர்கள். அது பிள்ளை வளர்ப்பு.

காரணம் தண்ணீர். தோட்டக் கிணறு அண்ணைக்கும் எனக்கும் பங்கு. திங்களும் வியாழனும் என் முறை. மாசியில் கண் ஒப்பரேசனுக்காக ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தேன். என் முறை நாளில் என் வெங்காயத்துக்கு இறைக்க அண்ணையிடம் சொன்னேன்.

“ஓமடா, நான் பாக்கிறன். நீ போட்டு வா” என்றார் அண்ணை.

என் முறைத் தண்ணீரையும் தன் பாத்திக்கே விட்டார். நான் வந்து பார்த்தபோது என் வெங்காயம் வைக்கோல். கேட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் நாலு பேர் நின்றார்கள்.

“நீ வெங்காயம் நட்டதும் உன்ரை புளுகெண்டெல்லோ நினைச்சன்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வியாழன், பம்புக் குழாயின் அடியில் பாசி அடைத்துவிட்டது. அண்ணைக்கு அறுபத்தொன்பது வயது. என்னைவிட நன்றாக இறங்குவார். இறங்கினார். அவர் பிடித்து இறங்கிய கயிற்றை நான் மேலே இழுத்தேன். ஈரத்தில் கிடந்தால் இற்றுவிடும் என்று வெயிலில் விரித்தும் போட்டேன்.

“செல்வம், கயித்தை விடடா.”

“வாறன் அண்ணை” என்றுவிட்டுச் சைக்கிளில் மருதனார்மடம் சந்தைக்குப் போனேன்.

மரக்கறி யாவாரி யாகப்பு, “என்ன செல்வண்ணை, தமையனார் வரேல்லையோ?” என்றான்.

“கிணத்துக்கை நிக்கிறார். கயித்தை எடுத்துப்போட்டு வந்திட்டன். இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்குவார்.”

“போன கிழமை உங்கடை பூசணிக்காய்க்குள்ளை முயல் குட்டி போட்டதெண்டனீங்கள். இண்டைக்கு இதோ? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

குடித்தேன். இன்னும் மூன்று பேருக்குச் சொன்னேன். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவராவது நம்பியிருந்தால் அண்ணை இன்று உயிரோடு இருப்பார். விசாரிப்பதானால் அவர்களை விசாரியுங்கள்.

திரும்பி வந்து, காய்ந்த கயிற்றை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நாடிவரை தண்ணீர். ஒரு கை கல்லிடுக்கில் இருந்தது. கூப்பிடச் சத்தம் இல்லை. கண் மட்டும் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது. கயிற்றைப் பாதிக் கிணறு வரை இறக்கினேன். அதோடு நிறுத்தி ஒரு கேள்வி கேட்டேன். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மிச்சத்தையும் விட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. கை வழுகிப் போய்விட்டது.

என்ன கேட்டேன் என்றா?

“இப்பவாவது நான் சொல்லுறதை நம்புறீங்களோ, ஐயா?” என்று கேட்டேன்.

ஏன் பேனையை வைத்துவிட்டீர்கள்? அண்ணையிடம்தான் கேட்டேன். இதற்குள் எங்கள் ஐயா எங்கே வந்தார்?