மருந்து வைத்த தக்காளி

என் பெயர் உமாராணி, வயது 46. கணவர் பெயர் பால்துரை. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் குடியிருந்து, வீட்டின் முன்பகுதியில் பலசரக்குக் கடை நடத்தி வருகிறோம். பக்கத்து வீட்டில் செந்தூர்வேல் என்பவரும் அவர் மனைவி சண்முகசுந்தரியும் வசிக்கிறார்கள். செந்தூர்வேல் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர் மட்டும் உண்டு. தக்காளியில் மருந்து வைத்துத் தன் கணவரை நான் மயக்கிவிட்டதாகச் சண்முகசுந்தரி கொடுத்த புகாரின் பேரில் இன்று மகளிர் காவல் நிலையத்தில் ஆஜராகி, ஆய்வாளர் அம்மா விசாரிக்கச் சொல்வதாவது.

எனக்கு மாடியில் காய்கறி வளர்க்கும் பழக்கம் உண்டு. காயின் ருசியை மாற்றிப் பார்க்கிற கிறுக்கும் உண்டு. பாகலின் கசப்பு போகுமா என்று கருப்பட்டி கரைத்து ஊற்றியதில் எறும்பு வந்தது, கசப்பு போகவில்லை. அதன் பின்பு, உப்புத் தண்ணீர் விட்டால் தக்காளி இனிக்கும் என்று செல்போனில் பார்த்து, என் கணவரைத் திரேஸ்புரம் கடற்கரைக்கு அனுப்பி ஒரு கேன் கடல் தண்ணீர் எடுத்து வரச் செய்தேன். "ஏளா, ஊரே உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்கப் பாக்கு, நீ நல்ல தண்ணில உப்பக் கலக்குத" என்று சொல்லிக்கொண்டேதான் கொண்டு வந்தார். முதலில் அப்படியே ஊற்றியதில் செடிகள் கருகின. அதன் பின்பு ஒரு பங்கு கடல் தண்ணீருக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் சேர்த்து, பிஞ்சு விட்ட செடிகளுக்கு ஊற்றி வந்ததில் பழங்கள் கோலிக்குண்டு போலச் சிறுத்துவிட்டன. ஆத்திரத்தில் பிடுங்கி எறியப் போனவள் ஒன்றைக் கடித்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரைக் குடித்த செடி இப்படியொரு இனிப்பை எங்கிருந்து எடுத்தது என்று நினைக்க எனக்கு மேல் சிலிர்த்தது.

அந்த நேரம் செந்தூர்வேல் துணி எடுக்கத் தன் மாடிக்கு வந்தார். சுவருக்கு மேலாக அவரிடம் ஒரு பழம் கொடுத்தேன். மென்றவர் பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் என்னவென்று கேட்டதற்கு, "அக்கா, புளிக்கு. இனிக்கு. எனக்குத் தெரியுதுக்கா" என்று சொல்லி அழுதார். ஒரு காய்ச்சலுக்குப் பின் இரண்டு வருடமாகத் தனக்கு எந்த ருசியும் தெரியவில்லை என்றும், மனைவி மனம் வாடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை என்றும், நானும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோலிக்குண்டளவு பழம் ஒரு மனிதனுக்கு நாக்கைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, "எல்லாம் நான் வச்ச மருந்து தம்பி" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

செடிக்கு எதைப் போட்டாலும் நாங்கள் மருந்து என்போம். பெண் ஒருத்தி ஆணை மயக்கச் சோற்றில் எதையாவது கலந்தாலும் எங்கள் பக்கம் மருந்து வைத்துவிட்டாள் என்றுதான் பேச்சு. அது அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. அப்போது தங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்த சண்முகசுந்தரியின் காதில் அந்தச் சொல் மட்டும் விழுந்திருக்கிறது. அதன் பின்பு செந்தூர்வேல் தினமும் சுவரோரம் வந்து பழம் வாங்கித் தின்று சிரித்துப் போவதையும் பார்த்துத்தான் அவர் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று அவர்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, என் பழங்களை மேஜைமேல் வைத்து, அந்த ஆள் ஏன் தினமும் வருகிறார் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். கொடுத்த வாக்கை நினைத்து நான் வாய் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் வழக்குப் பதிவாகும், ஊரில் என் பெயர் கெடும் என்று தெரிந்தும் சும்மா நின்றேன். அதன் பின்பு செந்தூர்வேலே எழுந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

சண்முகசுந்தரி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "உப்புப் போட மறந்த அன்னைக்கும் நல்லாருக்குன்னு தின்னியளே, எம்மேல உள்ள பிரியத்துலன்னுல்லா நெனச்சேன்" என்றார். அதற்குச் செந்தூர்வேல், "பிரியந்தாம்ளா" என்றார்.

அதன் பின்பு சண்முகசுந்தரி மேஜையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, கணவர் கையில் கொடுத்தார். அவர் தின்று முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிக்கு நான் வைத்த மருந்து கடல் தண்ணீர்தான், வேறு எதுவும் இல்லை. அது எப்படி இனிப்பாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பா. உமாராணி