ஆட்டத்தை நிறுத்திய எக்ஸ்ரே அக்கா

தலைமை ஏற்றிருக்கும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் சிட்டு அவர்களே, முன்வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் அத்தானே, அக்காவின் அருமை மகளே, மல்யுத்தம் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன என் ரசிகக் கூட்டமே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

போட்டிச் சுவரொட்டி அச்சடித்துப் பிழைப்பவன் நான். நேற்று அதே இயந்திரத்தில் அக்காவின் படத்தை அச்சடித்தேன். முதல் தாள் வெளியே வந்தபோது அதைக் கையில் எடுக்க என்னால் முடியவில்லை.

யார் நம் எக்ஸ்ரே அக்கா? அரசு மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தவர். ஞாயிறு மாலை ஆனால் நம் மன்றத்தில் சன்னலோர நாற்காலி அவருடையது. மேடையைச் சுற்றிய கயிற்றின் மேலிருந்து பாய்வதுதான் அழகு என்று ஒருவர் வாதிடுவார். தரையில் போட்டுக் கைகாலைப் பூட்டுவதுதான் வித்தை என்று இன்னொருவர் மேசையைக் குத்துவார். அக்கா எப்போதும் ஜப்பான் மல்யுத்தப் பெண்கள் கட்சி!

"அவங்க அடிச்சா அடிதான்டா. ஒப்புக்குத் தொட்டுட்டுப் போற வேலையே கிடையாது. ஆனா அதுக்கு அவங்க கழுத்து என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். தினமும் படம் பார்க்கிறவ நான்."

"என்ன படம்க்கா?"

"எலும்புப் படம்!"

நாம் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். "அந்தப் பொண்ணுங்க ஊரு விட்டு ஊரு வந்து ஆடுறாங்க. பாஷை தெரியாது. எதிராளி எப்படித் தூக்குவா, எப்படிப் போடுவான்னு தெரியாது. 'மெதுவா'ன்னு சொல்லக்கூட வார்த்தை கிடையாது. அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கடா" என்பார். நாம் நினைத்துப் பார்த்தோமா?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கில் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. ஜப்பானிலிருந்து வந்த வீராங்கனையின் பெயர் நம் வாயில் நுழையாததால் 'சிட்டு' என்று நாம்தான் கூப்பிட்டோம். எதிராளி அவரைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டார். முதுகில் விழ வேண்டியவர் கழுத்தில் விழுந்தார். ஆனாலும் எழுந்து நின்றார்! அரங்கமே அதிர்ந்தது. நாமெல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினோம். அக்கா மட்டும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, அவ இடது கையைப் பாரு. விரல் மூடலை. கயித்தைப் பிடிக்க முடியலை."

"அட, சும்மா இருங்கக்கா! அதெல்லாம் ஆட்டத்துக்காகப் பண்றது."

அக்கா நடுவரைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? செருப்பைக் கழற்றிப் போட்டார். ஐம்பத்தொரு வயதில், முட்டி வலியோடு, மேடையில் ஏறிக் கயிற்றுக்குள் நுழைந்தார். இரண்டு பேருக்கும் நடுவே சப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல என்னைத் தூக்கி வெளியே போடுங்க. அப்புறம் ஆடுங்க."

"ஏ கிழவி, இறங்கு!" என்று அன்று கத்தியது யார்? சபையோரே, நான்தான்! காகிதக் கோப்பையை விட்டெறிந்தது யார்? அதுவும் நான்தான். அது அவர் காதோரம் பட்டது. அவர் அசையவே இல்லை.

ஆட்டம் நின்றது. அக்கா தன் காரிலேயே சிட்டுவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தானே படம் எடுத்தார். கழுத்து எலும்பில் விரிசல். இன்னொரு முறை விழுந்திருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் மருத்துவர். அதோடு சிட்டுவின் ஆட்டமும் முடிந்தது.

நான்கு மாதம் கழுத்துப்பட்டையோடு அக்கா வீட்டில்தான் சிட்டு இருந்தார். முதல் மூன்று வாரம் அக்காவின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அத்தான் தட்டைக் கொண்டுபோய் வைத்தால்தான் சாப்பிடுவார். ஒருநாள் அக்கா என் அச்சகத்துக்கு வந்து, தாள் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். "உயிரைக் காப்பாத்தினேன்னு எல்லாரும் சொல்றாங்கடா. அவ வாழ்க்கையைப் பிடுங்கிட்டேனோன்னு எனக்கு மனசு அடிச்சுக்குது." கோப்பையை எறிந்த அதே கையால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பட்டை கழற்றிய வாரம் அக்கா கூடத்தில் மெத்தையை இழுத்துப் போட்டு, "எனக்கு விழக் கத்துக்கொடு" என்றார். சைகையிலேயே கேட்டார். விழுந்தார், தலையணை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்! சிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, அக்காவின் தாடையைப் பிடித்து நெஞ்சோடு ஒட்ட வைத்துக் காட்டினாராம். இன்று சிட்டு நடத்தும் பயிற்சிக்கூடத்தில் பயிலும் முப்பத்திரண்டு பெண்களும் முதல் ஆறு மாதம் வேறெதுவும் கற்பதில்லை. விழ மட்டுமே கற்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளாக அக்காவின் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிட்டுதான். போன மாதம் அங்கே அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோதுதான் எனக்குத் துணிவு வந்தது.

"அக்கா... அன்னைக்கு அந்தக் கோப்பை..."

"தெரியும்டா. காலிக் கோப்பைதானே? உள்ள காபி இருந்திருந்தா உன்னை விட்டிருக்க மாட்டேன்."

எப்பேர்ப்பட்ட மனம்! அந்த மனம் செவ்வாய்க்கிழமை காலை அடங்கிவிட்டது.

அன்பர்களே, அழுதுவிட்டுக் கலைந்து போகவா கூடினோம்? இல்லை! ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு ஒரு மருத்துவர் மேடையோரம் உட்காராத எந்தப் போட்டிக்கும் என் அச்சகம் சுவரொட்டி போடாது. நீங்கள் சீட்டு வாங்கக் கூடாது. செய்வோமா? வரும் சனிக்கிழமை, சிட்டுவிடம் பயின்ற என் மகள் முதன்முறையாக மல்யுத்த மேடை ஏறுகிறாள். பயமாகத்தான் இருக்கிறது. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, எதிரே நிற்கும் பெண்ணுக்கு ஒன்றென்றால், "நிறுத்து" என்று முதலில் எழும் குரல் என்னுடையதாக இருக்கும். இது அக்காவின் மேல் ஆணை.

அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். அத்தான், நீங்க எழுந்திரிக்க வேணாம், உட்காருங்க. மூணு நாளா நின்னுக்கிட்டே இருக்கீங்க. இப்ப நாங்க நிக்கிறோம்.