தொட்டுப் பார்த்துக் கொடுத்த கெட்டில்

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, எனக்கு டெஸ்டர் இருந்தாக வேண்டும். மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர்தான் ஐயா. நகராட்சியில் கடைச் சாமான்களைச் சோதிக்கிற வேலை. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் யார் மிக்ஸி வாங்கினாலும், இஸ்திரிப் பெட்டி வாங்கினாலும், அது முதலில் என் வாசலுக்குத்தான் வரும். நான் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அவர்கள் வீட்டுக்குள் போகும். 'டெஸ்டர் அண்ணன்' என்றே எனக்குப் பெயர்.

கடைத்தெரு முனையில் பாத்திரக்கடை வைத்திருப்பவனைச் 'சிரிப்பு' என்பார்கள். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான். அவன் மலிவாக இறக்கிய மின்சாரக் கெட்டில்களின் வெளித் தகட்டில் டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரிந்தது. தகட்டில் மின்சாரம் ஏறினால் தொட்டவர் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையையும் ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு வந்தேன்.

மேலதிகாரி கொட்டாவி விட்டார். "யாருக்காவது ஏதாவது ஆச்சாய்யா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஆகட்டும், பாக்கலாம். திருப்பிக் குடுத்துடு."

என் கையாலேயே கொண்டுபோய் இறக்கினேன். "சாருக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா. பாவம், வெயில்ல சுமந்துட்டு வந்திருக்காரு" என்றான் சிரிப்பு. கடையே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்த வாரமே மாடி வீட்டுப் பெண் அதே கடையிலிருந்து புதுக் கெட்டிலோடு வந்தாள். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் வேண்டுமாம். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இதைத் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொட்டிருக்கிறாள். கத்தக்கூட இல்லை. குழந்தை அழுகை ஓயாததால்தான் மேலே போய்ப் பார்த்தோம்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேலதிகாரியே நேரில் வந்து கடைக்குச் சீல் வைத்தார். சிரிப்பை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்போது பல் தெரியவில்லை. "அன்னைக்கே சொன்னவன்யா நீ" என்று மேலதிகாரி என் தோளைத் தட்டினார். அவள் கணவன் மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "நீங்க பாத்துதானே அண்ணே குடுத்தீங்க?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். பார்த்தேன் ஐயா. பார்க்காமல் நான் எதையும் கொடுத்ததில்லை. அவள் எதிரிலேயே பிளக்கைச் செருகி, வெளித் தகட்டில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது. அவளும் குனிந்து பார்த்தாள்.

"எரியுதே, நல்லதாண்ணே?"

"கரண்ட் நல்லா வருதும்மா. தைரியமா வச்சுக்கோ" என்றேன்.

ஒருவருக்கு ஆனால்தான் மற்றவர்களைக் காப்பாற்றுவோம் என்று ஆபீஸே சொன்னால், நான் வேறென்ன செய்ய முடியும்? இனி அந்தக் கடையிலிருந்து ஒரு கெட்டில்கூட எந்த வீட்டுக்கும் போகாது. நான் ஆரம்பத்திலிருந்து கேட்டது அவ்வளவுதானே ஐயா.