முப்பத்தொன்றாம் ஓடையையும் திறந்து பார்த்தவருக்கு

கண்ணும் கருத்துமாய் எங்கள் மருந்தகத்தைக் காத்த காவலரே! அவசரத்திலும் நிதானம், நிதானத்திலும் அன்பு குன்றாத அம்மையாரே! இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த நார்வேக் கடற்கரை மருத்துவமனையில் மருந்தாளுநராய் விளங்கி, இன்று விடைபெறும் டூர்டிஸ் ஹௌக்லான் அவர்களே! புகழ ஆரம்பித்தால் காப்பி ஊற்றுகிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று ஒருநாள், தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.

மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கைகள் நாற்பத்து மூன்று இடங்களிலிருந்து வரும். அவற்றை ஒரே பட்டியலாய்த் திரட்டித் தரும் செய்தியோடைச் செயலியை இங்கே கொண்டுவந்தவர் நீங்களே. மேசைக் கணினியில் படித்தது கைபேசியிலும் படித்ததாகிவிடும். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். வேலை பாதியாய்க் குறைந்தது என்று மகிழ்ந்தோமே தவிர, அதிலிருந்த ஓட்டையை எவரும் காணவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, பட்டியல் காலியாக இருந்தது. நாங்கள் நிம்மதியாய்க் கோப்பையைக் கையில் எடுத்தோம். நீங்கள் மட்டும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“அஞ்சு நாள் லீவு. ஒரு மருந்துலகூட ஒரு குறையும் வரலையா? உலகம் எப்பங்க இவ்வளவு நல்லதாச்சு?”

யாரோ ஒருவர், இணைப்பே எட்டாத மலைக்குடிலில் இருந்தபடி, தம் கைபேசியில் ‘எல்லாம் படித்தாயிற்று’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர் பனிச்சறுக்கு முடிந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி, கைபேசிக்கு இணைப்பு கிடைத்ததும், அந்த ஓர் அழுத்தல் எல்லார் திரையையும் துடைத்துவிட்டது. நீங்கள் அந்தந்த இடத்தின் செய்தியோடையை ஒவ்வொன்றாகத் திறந்தீர்கள். முப்பத்தொன்றாவதில் இருந்தது அது: பச்சிளங்குழந்தைகளின் வலிப்பு மருந்தில் ஒரு தொகுதி நான்கு மடங்கு செறிவாகிவிட்டது, உடனே திரும்பப் பெறுக. குழந்தைகள் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். செவிலியர் அதே தொகுதிப் புட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கையில் வைத்திருந்தார். “கீழ வச்சிடுங்க. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க” என்றீர்கள். அன்று ஏழு வாரக் குழந்தையாக இருந்தவள் இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

விசாரணையில், அழுத்தியது யார் என்று கேட்டார்கள். “செயலியைத் தேர்ந்தெடுத்தது நான். ஒருத்தர் விரல் பட்டா எல்லார் கண்ணும் மறையுற மாதிரி ஒண்ணை வாங்கினது என் தப்பு. என் பேரை எழுதிக்கோங்க” என்றீர்கள். அப்படியே எழுதினார்கள்.

அதன் பிறகு ஆறு வாரம் தேடினீர்கள். நான்கு செயலிகளை மூன்று கருவிகளில் ஏற்றிக்கொண்டு, கடலடிச் சுரங்கச் சாலையில் பேருந்தில் பதினொரு முறை போய் வந்தீர்கள். உள்ளே இணைப்பு அறுந்தபோது படிப்பதும், வெளியே வந்ததும் எது அழிந்தது, எது நிலைத்தது என்று பார்ப்பதும்தான் சோதனை. எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஓட்டுநர் விசாரித்ததாக நீங்களே சொன்னீர்கள். நாங்கள் ஆசைப்பட்ட அழகான செயலியைத் தள்ளிவிட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். அதில் அவரவர் படித்தது அவரவர் கருவிகளோடு மட்டுமே ஒத்துப்போகும். இருவர் பார்த்துக் குறிக்காமல் எந்த எச்சரிக்கையும் பொதுப்பட்டியலை விட்டுப் போகாது. நிறத்தைக் கேலி செய்த நாங்கள் இன்று அதன் நிழலில் நிம்மதியாய் விடுமுறைக்குப் போகிறோம்.

இனி ‘நாங்கள்’ என்று எழுத என்னால் முடியவில்லை. இம்மடலை எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியது இதற்காகத்தான். அந்தப் பொத்தானை அழுத்தியவன் நான். எந்தக் கைபேசி என்பது உங்களுக்கு அன்றே தெரியும். விசாரணை முடிந்து வந்து, என் மேசையில், ஈஸ்டருக்கு மலைக்குப் போகிறவர்கள் பையில் தவறாத ஆரஞ்சுப் பழம் ஒன்றை வைத்துவிட்டு, “மலையில பனி நல்லா இருந்துச்சா, ஐவின்?” என்று மட்டும் கேட்டீர்கள். ஒன்பது ஆண்டுகளாய் என் தவறு உங்கள் பெயரில் கோப்பில் கிடக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி இன்று காலை இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மையாரே, நல்ல உடலும் நீண்ட ஆயுளும் பெற்று, எந்தப் பட்டியலும் எட்டாத மலைக்குடிலில் மனம்போல் ஓய்ந்திருங்கள். பட்டியலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மருந்தகப் பணியாளர் பதினால்வர்

உங்கள் விதிப்படி இருவர் பார்த்தது:
எழுதியவர் — ஐவின் ஸ்டுரைம்
படித்துப் பார்த்து, ஒரு வரியும் நீக்க வேண்டாம் என்றவர் — குன்வோர் டால்