‘தெரியவில்லை’ என்ற விடைக்கும் இடம் வைத்த மரியசெல்வி அம்மையாருக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் இயங்கும் நூற்பாலைக் கருவிச் சேவை மையத்தில், மென்பொருள் பிரிவின் தலைவராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி மரியசெல்வி ஸ்டீபன் அவர்களுக்கு, மையத்தின் பணியாளர்கள் அனைவரும் கூடி வாசித்தளிக்கும் மடல் இது.

சிறு சில்லுக்குள் சிறைப்பட்ட எண்களைச் சீராகப் பேச வைத்தவரே! பதறாத பேச்சும் பிசகாத பணியும் பெற்றவரே! கடிந்து சொல்லாமலே கண்டிப்புக் காட்டத் தெரிந்த எங்கள் அம்மையீர்! வணக்கம்.

இதற்கே நீங்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். மடல் என்றால் மூன்று அடைமொழியாவது இருந்தே தீர வேண்டும் என்று வன்பொருள் பிரிவு விஜயபாண்டி அண்ணன் சொல்லிவிட்டார். அந்தக் கடமை முடிந்தது. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். எழுதும் பொறுப்பு, அலுவலகப் பிரிவில் இருக்கும் சரஸ்வதியாகிய என்னிடம் வந்தது. கணினித் தொழிலில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. எனக்குப் புரிகிறபடி எழுதினால் அவையில் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று உங்கள் பிரிவுப் பொறியாளர் முகேஷ் சொன்னார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மையீர்! இவ்வட்டார ஆலைகளில் ஓடும் இயந்திரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டுக் கார்டு இருக்கிறது. கார்டுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் அந்தச் சில்லுக்குள் வெறும் எண்களாக இருக்கின்றன. கார்டைச் செய்து விற்ற நிறுவனங்களில் பல இன்று இல்லை. அவர்கள் எழுதிய மூல நிரலும் இல்லை. கார்டு கோளாறு செய்தால் அந்த எண்களைப் படித்துத்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எண்களை வாங்கிக்கொண்டு, ‘இந்தச் சுவிட்சைப் பார், இந்த மோட்டாரை ஓட்டு’ என்பது போன்ற கட்டளைகளாகத் திருப்பித் தரும் மென்பொருளுக்கு டிஸ்அசெம்பிளர் என்று பெயர். நம் மையத்தில் மூன்று வகைச் சில்லுகளுக்கு மூன்று டிஸ்அசெம்பிளர்கள் இருந்தன. மூன்றும் மூன்று விதமாகப் பேசின. எண்ணை எடுக்கும் இடத்தை ஒன்று முன்னால் சொல்லும், இன்னொன்று பின்னால் சொல்லும். ஒன்று, எண் இருக்கும் இடமான முகவரியை ஒவ்வொரு பைட்டாக எண்ணும், இன்னொன்று இரண்டிரண்டாக எண்ணும். முகேஷ் ஒரு சோதனை நிரல் எழுதினால் அதையே மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. மூன்றிலும் வேறு வேறு பிழைகள் முளைத்தன.

எந்த டிஸ்அசெம்பிளராக இருந்தாலும் ஒரே விதமாகக் கேள்வி கேட்டு ஒரே விதமாகப் பதில் பெறும்படி ஒரு பொது இடைமுகம் அமைக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது, மாடி அறையில் நடந்த முதல் கூட்டத்துக்குத் தேநீர் சொல்லிவிட்டு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

“எழுத்தா வந்தாப் போதும் மேடம். மத்தத நாங்க படிச்சுக்கிடுவோம்” என்றார் விஜயபாண்டி அண்ணன்.

“அது எப்படிண்ணே போதும்? சில்லுல இருக்குற அத்தனையும் வேணும்” என்றார் முகேஷ்.

ஒருவர் சொன்னபடி செய்தால் பயன் குறைவு. மற்றவர் சொன்னபடி செய்தால் அது என்றைக்கும் முடியாது. நீங்கள் இருவரையும் பேசவிட்டுவிட்டு, “டிஸ்அசெம்பிளர் என்ன சொல்லும்னு ரெண்டு பேரும் பாக்குறீக. மிசின சோதிக்கிறவனுக்கு என்ன கேக்கணும்? அத மொதல்ல சொல்லுங்க” என்றீர்கள். பிறகு கரும்பலகையில் நீங்களே எழுதினீர்கள். இந்தக் கட்டளை எவ்வளவு நீளம்? இதற்குப் பிறகு ஓட்டம் எங்கே போகும்? இது எதைப் படிக்கிறது, எதை மாற்றுகிறது? எந்தச் சில்லுக்கும் பொருந்தும் கேள்விகள் இவை. ஒரு சில்லுக்கே உரிய தனிச் செய்திகளுக்குத் தனி அறை. வேண்டியவர் திறந்து பார்க்கலாம், வேண்டாதவர் தாண்டிப் போகலாம். முகவரி எப்போதும் பைட் கணக்கில்தான். இவ்வளவும் சுலபமாக முடிந்துவிட்டது போல நான் எழுதுகிறேன், முடியவில்லை. முதலில் அமைத்தது, இரண்டாவது சில்லை இணைத்ததுமே உடைந்தது. “ஒருத்தருக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சிட்டு ஊருக்கே மாட்டப் பாத்துருக்கோம்” என்று சொல்லி, பல மாத வேலையைச் சற்றும் முகம் கோணாமல் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினீர்கள். முகம் கோணியது முகேஷுக்குத்தான்.

மறு அமைப்பில்தான் அந்தப் பெரிய வாக்குவாதம் வந்தது. புரியாத எண் எதிர்ப்பட்டால் பழைய டிஸ்அசெம்பிளர்கள் ஏதோ ஒரு கட்டளையை ஊகித்து எழுதிவிட்டு மேலே போய்விடும். உங்கள் இடைமுகமோ, ‘தெரியவில்லை’ என்பதையும் ஒரு முறையான விடையாக ஏற்றது. ஊகித்துத் தந்தால் அது ஊகம் என்ற குறிப்போடு வர வேண்டும் என்றது.

“இப்படி அங்கங்க தெரியல தெரியலன்னு வந்தா, நம்ம சாமானே சரியில்லன்னு நினைப்பாங்க மேடம்” என்றார் முகேஷ்.

“நினைச்சிட்டுப் போகட்டும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி குடுத்தா, அத நம்பி ஒருத்தர் மிசினுக்குள்ள கைய விடுவாக” என்றீர்கள்.

இதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னீர்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

அதே ஆண்டு மழைக்காலத்தில், பந்தல்குடிப் பக்கத்து ஆலை ஒன்றில் அந்த விபத்து நடந்தது. பரளச்சியிலிருந்து ஆலை வண்டியில் வேலைக்கு வரும் சோலையம்மாள், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. நிறுத்தும் சுவிட்சை அமுக்காமல் கையை விட்டது அவருடைய தவறு என்று ஆலை அவருக்கு மெமோ கொடுத்தது. மெமோவுக்குத் துணையாக, கார்டில் கோளாறில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டி ஆலை மேலாளர் கார்டோடு நம்மிடம் வந்தார்.

“அந்தம்மா என்ன சொல்றாக?” என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள்.

“அமுக்கிட்டுத்தான் கைய விட்டேங்கிறாங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க மேடம்” என்றார் அவர்.

விஜயபாண்டி அண்ணன் கார்டைச் சோதனை மேசையில் மாட்டிப் பார்த்தார். சுவிட்சை அமுக்கிய ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஒழுங்காக நின்றது. பழைய டிஸ்அசெம்பிளர் தந்த கட்டளைகளை வரிவரியாகப் பார்த்தார்கள். அதிலும் பழுது தெரியவில்லை. மேலாளர் பேனாவை எடுத்து நீட்டிவிட்டார். அப்போதுதான் இணைத்து முடித்திருந்த உங்கள் இடைமுகத்தின் வழியாக நீங்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தீர்கள். நடுவில் ஓரிடத்தில் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

“தெரியலன்னா கோளாறு இல்லன்னுதானே மேடம் அர்த்தம்?”

“தெரியலன்னா தெரியலன்னுதான் சார் அர்த்தம்.”

கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் ஆலை உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். இந்த மையமே சங்கத்தின் பணத்தில் நடக்கிறது என்பதையும், உங்கள் பணி நீட்டிப்பு அந்த மாதம் சங்கத்தின் முன் இருக்கிறது என்பதையும் நினைவூட்டினார். தொலைபேசி என் மேசையில் இருந்ததால் உங்கள் பதில் எனக்குக் கேட்டது: “நீட்டிப்பு உங்க கையில இருக்கு சார். கையெழுத்து என்னோடது.” தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்குப் போய் வேலையைத் தொடர்ந்தீர்கள்.

‘தெரியவில்லை’ என்று வந்த இடத்தில் இருந்தவை கட்டளைகளே அல்ல. வேகங்களைக் குறித்து வைத்த எண்களின் அட்டவணை. பழைய டிஸ்அசெம்பிளர் அந்த அட்டவணையையும் கட்டளையாகவே படித்து, ஒரு பைட் தடம் புரண்டு, அதற்கு அப்பால் இருந்த உண்மையான கட்டளைகளையும் வேறு ஏதோவாக மாற்றி எழுதியிருந்தது. எழுதியதெல்லாம் பார்வைக்கு ஒழுங்காக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘இதற்குப் பிறகு ஓட்டம் எங்கே போகும்’ என்ற கேள்வியைக் கட்டளைக்குக் கட்டளை கேட்டுக்கொண்டே நீங்களும் முகேஷும் அட்டவணையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தீர்கள். மின்சாரம் சற்றே தாழ்ந்து திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி அங்கே இருந்தது. கடைசியாக நினைவில் எழுதிய நிலை ‘ஓட்டம்’ என்றிருந்தால் இயந்திரத்தை ஓட்டு, அவ்வளவுதான். நிறுத்தும் சுவிட்ச் அமுங்கியிருக்கிறதா என்று அது பார்க்கவே இல்லை. நிறுத்திய செய்தியை நினைவில் எழுதுவதையும் அது தாமதமாகவே செய்தது. மழைக்காலத்தில் மின்சாரம் அப்படித் தாழ்ந்து ஏறிய ஒரு நொடியில்தான் சோலையம்மாளின் கை உள்ளே இருந்திருக்கிறது.

விஜயபாண்டி அண்ணன் சோதனை மேசையில் சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தை ஒரு நொடி தாழ்த்தி ஏற்றினார். மோட்டார் ஓடியது.

“ஏலே முகேசு, ஓடுதுல!” என்று அவர் போட்ட சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. நீங்கள், “இன்னொருக்காச் செய்ங்க” என்றீர்கள். மறுபடியும் ஓடியது.

அறிக்கையை ஆலைக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலையே முகேஷை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போனீர்கள். செய்தியைக் கேட்ட சோலையம்மாள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. “நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. மிசினு சொன்னாத்தான் நம்புவீகளோ?” என்று கேட்டாராம். நீங்கள், “நம்பியிருக்கணும்” என்று மட்டும் சொன்னீர்களாம்.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. விரல்கள் போனது போனதுதான். ஆனால் பழி நீங்கியது, இழப்பீடு கிடைத்தது, அதே ஆலையில் நூல் தரம் பார்க்கும் பிரிவில் அவர் இன்று வேலை பார்க்கிறார். ஷிப்டை மாற்றிக்கொண்டு இந்த விழாவுக்கும் வந்திருக்கிறார்.

அதோடு கதை நின்றிருந்தால் ஒரு கார்டைச் சரி செய்ததாக மட்டும் ஆகியிருக்கும். அந்தக் கார்டைச் செய்தவர்கள், மற்ற இரண்டு வகைச் சில்லுகளை வைத்தும் கார்டுகள் செய்து, பந்தல்குடியிலிருந்து குமாரலிங்கபுரம் வரை பல ஆலைகளுக்கு விற்றிருந்தார்கள். மின்சாரம் திரும்பும் பகுதியில் நிறுத்தும் சுவிட்சைப் படிக்கும் கட்டளை இருக்கிறதா என்று தேட முகேஷ் ஒரு சோதனை நிரல் எழுதினார். ஒரே ஒரு தடவைதான் எழுதினார். அது மூன்று வகைச் சில்லுகளிலும் அப்படியே ஓடியது. ஒரு வகைச் சில்லில் சுவிட்சைப் பார்த்திருந்தார்கள்; மற்றொன்றில் அதே பழுது அப்படியே இருந்தது. அந்த வாரமே ஆலை ஆலையாகப் போய்க் கார்டுகளைக் கழற்றினோம். இன்றுவரை அந்த இயந்திரங்களில் வேறு யாருக்கும் காயமில்லை. உங்கள் பணி நீட்டிப்பும் வந்து சேர்ந்தது. அன்று கோபித்துக்கொண்ட செயலாளர் இன்று முதல் வரிசையில் சிரித்த முகமாக அமர்ந்திருக்கிறார்; அவருக்கும் எங்கள் நன்றி.

பாராட்டு மடலில் குறை சொல்லும் வழக்கம் இல்லை. என்றாலும் சொல்கிறோம். இடைமுகத்தின் விளக்கக் குறிப்பில் ஒரு சொல் பிசகினாலும் முழுப் பக்கத்தையும் திருப்பி எழுத வைப்பீர்கள். உங்களுக்குப் பசித்தால்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். அந்தக் குறிப்புகளை உலகமே எடுத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் இணையத்தில் வெளியிட்ட பிறகு, எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் நான்காவது சில்லுக்கு இணைப்பு எழுதி அனுப்பினார். அன்று நீங்கள் மகிழ்ந்தது போல வேறு எந்த நாளிலும் மகிழ்ந்து நாங்கள் பார்த்ததில்லை. “அவரு நம்மகிட்ட ஒரு சந்தேகங்கூடக் கேக்கல, பாத்தீகளா!” என்று எல்லா மேசைக்கும் வந்து சொன்னீர்கள். சந்தேகம் கேட்காததில் என்ன பெருமை என்று அன்று எனக்குப் புரியவில்லை; கேட்கத் தேவையில்லாதபடி குறிப்பு தெளிவாக இருந்தது என்பது இம்மடலை எழுதும்போது புரிந்தது.

மழையை நம்பிய மண்ணில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்து, திருச்சுழிப் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்து, பெரிய பதவிக்கும் பெருநகருக்கும் அழைப்பு வந்தபோதும் இங்கேயே இருந்துவிட்ட அம்மையீர்! கணவர் ஸ்டீபன் அவர்களோடும் மகள் அபிஷாவோடும் நோய் அண்டாமல், நோவு தீண்டாமல், நெடுநாள் நிறைவாக நீங்கள் வாழ வேண்டும். கண்ணாடியின் பவர் ஏறாதிருக்கட்டும். முழங்கால் வலி உங்களை மறக்கட்டும். இனி உங்கள் பசிக்கு நீங்கள் நேரத்தோடு சாப்பிட வேண்டும்.

இன்று காலை மேசையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்து நின்றீர்கள். “கிளம்பிட்டீகளா மேடம்?” என்றேன். “வாரேன் சரசு” என்றீர்கள். இந்தப் பக்கத்தில் விடைபெறுகிற எல்லாரும் சொல்வதுதான். ஆனால் நினைக்காத ஒன்றை நீங்கள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆகவே அம்மையீர், வாருங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
நூற்பாலைக் கருவிச் சேவை மையத்தின் பணியாளர்கள்,
அருப்புக்கோட்டை.