காற்றுக்கு வழி விட்ட மேஸ்திரி

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவி அவர்களே, தீயணைப்புப் படைத் தலைவர் அவர்களே, மாத்தே தேநீர்க் குவளையைக் கையோடு கொண்டுவந்திருக்கும் அண்டை வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம். மேஸ்திரி குஸ்தோதியோ மன்சீயா மறைந்து இன்றோடு ஒன்பது நாள். அழ வேண்டியதைக் கல்லறையிலேயே அழுதுவிட்டோம். இன்று சிரித்துப் பேசலாம் என்று அவருடைய மனைவி அனுமதி தந்திருக்கிறார்.

நம் கோய்ஹைக்கே ஊரின் இந்த மலைச்சரிவில் நாற்பத்து மூன்று வீடுகளின் விறகு அடுப்புகள் மேஸ்திரி குஸ்தோதியோ செய்தவை. எதற்காக அவரைத் தேடிப் போனோம்? அடுப்புக்குள் போகும் காற்றை அடைக்க அவர் பொருத்தும் காற்றுப் பிடிக்காக. இழுத்து மூடினால் ஊசி முனை அளவு காற்றும் உள்ளே போகாது. காற்று போகாவிட்டால் விறகு மெல்ல எரியும், மெல்ல எரிந்தால் மிச்சம். அப்படித்தானே நாம் எல்லோரும் நம்பினோம்?

மூன்று குளிர்காலத்துக்கு முன், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அபெலார்தோ ஓயார்சுனின் நுரையீரலைப் பார்த்த டாக்டர், நம் ஊர் விறகுப் புகையில் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றார். வடக்கே பாலைவன ஊரான அந்தோஃபகாஸ்தாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார். பெட்டி கட்டியாயிற்று. மேஸ்திரி வழியனுப்பப் போனார்.

"அங்க மழையும் இல்ல, மரமும் இல்ல. நான் யார்கூட சண்டை போடுறது?" என்றார் அபெலார்தோ.

அவர் மனைவி எர்மிந்தா விறகு வைக்க அடுப்புக் கதவைத் திறந்தார். புகை சமையலறைக்குள் குபுகுபுவென்று வந்தது. அபெலார்தோ இருமத் தொடங்கினார். மேஸ்திரி கையிலிருந்த மாத்தே குவளையைக் கீழே வைத்தார்.

"எப்பவும் காத்த மூடியே வச்சிருப்பீங்களா அக்கா?"

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

காற்றில்லாமல் திணறும் விறகுதான் இப்படிப் புகைகிறது என்று புரிந்து, மறுநாளே மேஸ்திரி அந்த அடுப்பைப் பிரித்தார். நெருப்புக்கு மேலே ஓர் இரும்புத் தகடு. அதன் கீழே வரிசையாகத் துளையிட்ட குழாய். அந்தக் குழாயில் சூடாகி வரும் காற்று, புகையையே எரித்துவிடும். கடைசியாக, காற்றுப் பிடி முழுவதும் மூடாதபடி ஓர் ஆணியை வைத்து லேசாக வெல்டிங் செய்தார். எர்மிந்தா அதை இடுக்கியால் பிடுங்கிப் போட்டார். மேஸ்திரி மீண்டும் வைத்தார். எர்மிந்தா மீண்டும் பிடுங்கினார்.

"மேஸ்திரி, என் விறகக் கரியாக்கத்தான் வந்தீங்களா?"

"ஒரு நாள் உங்க இஷ்டம், ஒரு நாள் என் இஷ்டம். தராசு சொல்லட்டும் அக்கா."

உருளைக்கிழங்குத் தராசு வந்தது. முதல் நாள் தகட்டையும் குழாயையும் கழற்றி, எர்மிந்தா விருப்பப்படி மூடி எரித்தார்கள். ஒரே அடுக்கிலிருந்து எடுத்த காய்ந்த விறகு, காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நாற்பத்தொரு கிலோ. மறுநாள் மாற்றிய அடுப்பு, வீட்டில் அதே சூடு, இருபத்தாறு கிலோ. எர்மிந்தா வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். புகையே இல்லை.

"அடுப்பு அணைஞ்சு போச்சு மேஸ்திரி!"

"அணையல அக்கா. உள்ள வந்து கைய வச்சுப் பாருங்க."

பெட்டி பிரிக்கப்பட்டது. அபெலார்தோ போகவில்லை.

வேறொருவராக இருந்தால் அந்த வெற்றியைச் சொல்லிக்கொண்டே திரிந்திருப்பார். மேஸ்திரி குஸ்தோதியோ என்ன செய்தார்? இதே கூடத்தில் எழுந்து நின்று, "நாப்பத்து மூணு வீட்டுக்கும் இந்தப் புகைய நான்தான் செஞ்சு குடுத்தேன். நானே வந்து எடுக்கறேன்" என்றார். நாற்பது வருடப் பெயரைத் தன் வாயாலேயே கழற்றி வைக்க எத்தனை பேரால் முடியும்? புகைபோக்கி தீப்பிடித்ததாக நம் சரிவிலிருந்து போன குளிர்காலத்தில் ஓர் அழைப்புகூட வரவில்லை என்கிறார் படைத் தலைவர். தன் ஆட்கள் சீட்டாடியே பொழுதைக் கழித்தார்களாம்.

முப்பத்தாறு வீடுகளை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஏழு பாக்கி. பனி விழுமுன் அவற்றை நாம் முடிப்போம். தீயணைப்புப் படையில் இரண்டு பேருக்கு வெல்டிங் தெரியும். தகடு வெட்ட ஆள் இருக்கிறது. மனம் மட்டும்தான் வேண்டும்.

இன்று காலை அபெலார்தோவிடம் நலம் விசாரித்தேன்.

"என் அடுப்புல புகை நின்னு மூணு வருஷம் ஆச்சு. இப்ப வர்றதெல்லாம் பக்கத்து வீட்டுப் புகை. காத்த இன்னும் இழுத்து மூடுறான் அந்த ஆளு" என்றார்.

நண்பர்களே, இந்தப் புகையைப் பற்றி முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். அந்தப் பக்கத்து வீடு என்னுடையது. நாளைக் காலை எட்டு மணிக்கு அங்கிருந்து தொடங்குவோம்.