சிரித்த மாப்பிள்ளை

"சூடு பட்டு விழுந்தவனைப் பாத்துச் சிரிக்கிற பெடியனுக்கு நான் என்னண்டு பொம்பிளை குடுக்கிறது?"

சுவிஸில் ஓல்ட்டன் நிலையம் தாண்டிய ரயிலில், முன் இருக்கையில் ஒரு தகப்பன் மகளிடம் இப்படிக் கேட்டதும் நான் பாட்டை நிறுத்தினேன். இயர்போனை மட்டும் கழற்றவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

"அப்பா, அது பகிடிப் படம். பொலிஸ் சண்டைப் படங்களை இங்கிலாந்துக்காரர் நக்கலடிச்சு எடுத்தது."

"பகிடியெண்டால், ஏன் ரெண்டு பொலிசும் மழையில கட்டிப்பிடிச்சு அழுதவங்கள்?"

"அதுதான் பகிடி."

"கூட்டாளிக்காகக் குறுக்கை பாய்ஞ்சு குண்டு வாங்கினது?"

"அதுவும் பகிடிதான்."

"நான் அழுதனான், பிள்ளை."

"தெரியும். நீங்களும் பகிடிக்கு அழுகிறீங்கள் எண்டு நினைச்சுத்தான் டானியல் இன்னும் கூடச் சிரிச்சவர்."

எனக்கும் குழம்பிவிட்டது. அப்படியொரு படத்துக்கு நானும் அழுதிருக்கிறேன். நல்ல சோகப் படம் என்று இன்றுவரை நாலு பேருக்குச் சொல்லியும் வருகிறேன்.

ரயில் ஆராவ் நிலையத்தை அடைந்தபோது தகப்பன் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, சனிக்கிழமை அவரை வரச் சொல்லு. நானொரு படம் போடுறன். சிரிக்காமல் பாத்து முடிச்சாரெண்டால் கலியாணத்துக்கு ஓம்."

"என்ன படம்?"

"என்ரையும் அம்மாவின்ரையும் கலியாண வீடியோ."

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்லோ மோஷனில நடந்து வருவீங்களே, அதுவோ? ஐயோ அப்பா, அதுக்கு அம்மாவே சிரிப்பா!"